எச்சிலும் ஒப்பந்தமும்: ‘யூஸ் அண்ட் த்ரோ’ என்கிற தொடரை முன்வைத்து

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காக நண்பர்கள் சிலர் ஒரு துண்டறிக்கை போட்டார்கள். தலைப்பு: ‘நாங்கள் யூஸ் அண்ட் த்ரோ அல்ல!’ அச்சுக்குப் போகும் முன் அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு சச்சரவு நடந்தது. தமிழாசிரியராக இருக்கும் தோழர் ஒருவர், “கறிவேப்பிலைன்னு அழகா ஒரு சொல் இருக்கறப்ப எதுக்கு இந்த இங்கிலீஷ்?” என்றார். இளைய தோழர், “கறிவேப்பிலைன்னு போட்டா பழைய சினிமா வசனம் மாதிரி இருக்கும், கேட்ல எவனும் நின்னு படிக்க மாட்டான்” என்றார். தூய்மைவாதம் ஒருபுறம், நடைமுறைவாதம் மறுபுறம் என்று வழக்கம்போல முடிந்துபோன விவாதம்தான். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் முழுக்க ஒத்துப்போனார்கள். இரண்டு தொடருக்கும் பொருள் ஒன்றுதான், ஒன்று தமிழ், மற்றது ஆங்கிலம், அவ்வளவுதான் வித்தியாசம் என்பது. அவர்கள் ஒத்துப்போன அந்த இடத்தில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது, ஆங்கிலமும் அல்ல.

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். ‘யூஸ் அண்ட் த்ரோ’ என்று லண்டனில் ஒரு கடையில் போய்க் கேட்டால் கடைக்காரர் விழிப்பார். அவருடைய மொழியில் இதற்கு ‘டிஸ்போசபிள்’ என்று பெயர், அல்லது ‘த்ரோ-அவே’. பிந்தைய தொடரில் ‘அவே’ இல்லாமல் முடியாது. வெறும் ‘த்ரோ’ என்றால் பந்தை வீசுவது. யாரோ எதிரில் நின்று பிடிப்பார்கள். ‘அவே’ சேர்ந்தால்தான் வேண்டாமென்று கழிப்பது. அந்த ‘அவே’யை வெட்டியவர்கள் இந்தியர்கள். ஏன் வெட்டினார்கள்? ‘எறி’ என்கிற நம் வினைக்கு அது தேவையில்லை என்பதால். “தீந்துபோச்சுன்னா எறிஞ்சிடு” என்றால் யாரும் யாரையும் நோக்கி வீச மாட்டார்கள். இந்தியிலும் இதே கதைதான். ஆக, இந்தியா முழுக்கக் கடைகளில், பேனா பெட்டிகளில், ஆஸ்பத்திரிகளில் புழங்கும் இந்தத் தொடர் நம் வாக்கியம் போட்டுக்கொண்டிருக்கும் ஆங்கிலச் சட்டை.

எம்.ஏ. படித்தபோது தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரித்ததை மனப்பாடம் செய்தோம். யூஸ் அண்ட் த்ரோவை இந்த நான்கில் எதில் போடுவது? உடம்பு வெளியூர், உயிர் உள்ளூர். கடன் வாங்கிய சொல்லுக்கு இலக்கணம் இருக்கிறது. கடன் வாங்கியதுபோல வேஷம் கட்டி நாமே செய்துகொண்ட சொல்லுக்கு இலக்கணம் கிடையாது. ஆகவே ‘ஆங்கில மோகம்’ என்கிற குற்றச்சாட்டு இங்கே நிற்காது. அதைவிடச் சங்கடமான கேள்வி வந்து நிற்கிறது. இது நம்முடையது என்றால், இப்படி ஒரு தொடரைச் செய்துகொள்ள நமக்குள் என்ன இருந்தது?

தூக்கி எறியும் பொருள் என்பது முதலாளியத்தின் கண்டுபிடிப்பு என்று சொல்வது எளிது. பெரும்பகுதி உண்மையும்கூட. ஜில்லெட் 1903இல் கழற்றிப் போடும் பிளேடை விற்கத் தொடங்கினார். சவரக்கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பவனைவிட, பிளேடை எறிந்துவிட்டு அடுத்ததை வாங்குபவன் லாபகரமானவன் என்பது புரிந்துபோனது. 1950இல் பிரான்சின் பிக் கம்பெனி தன் மலிவுவிலைப் பந்துமுனைப் பேனாவைக் கொண்டுவந்தது. 1955 ஆகஸ்ட் 1 தேதியிட்ட அமெரிக்க ‘லைப்’ பத்திரிகையில் ஒரு புகைப்படம் வந்தது. கணவன், மனைவி, குழந்தை மூவரும் கைகளை விரித்து நிற்க, காகிதத் தட்டுகளும் கோப்பைகளும் அவர்களைச் சுற்றி மழைபோலக் கொட்டுகின்றன. இவற்றையெல்லாம் கழுவ 40 மணி நேரம் ஆகும், இனி இல்லத்தரசிக்கு அந்தக் கவலை இல்லை என்பது செய்தி. எறிதல் அங்கே கழுவும் வேலையிலிருந்து விடுதலையாக விற்கப்பட்டது.

1955 ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்த மூன்றுக்கும் சம்பந்தமில்லை. நான் முடிச்சுப் போடவும் இல்லை. ஆனால் ஆவடியிலிருந்து அம்பத்தூர் வழியாகப் பாடி வரும் சாலையில் ஏதாவது ஒரு டீக்கடையில், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டு “நாங்கல்லாம் யூஸ் அண்ட் த்ரோ சார்” என்று சொல்லும்போது மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கறிவேப்பிலை.

கறிவேப்பிலைத் தொடரை யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். எப்போதும் எறியப்பட்டவர்தான் பேசுகிறார். “என்னைக் கறிவேப்பிலையா நெனச்சுட்டாங்க.” எறிந்தவர் ஒருநாளும் “நான் உன்னைக் கறிவேப்பிலை ஆக்கினேன்” என்று சொல்வதில்லை. இந்தத் தொடருக்குள் ஒரு வாதி இருக்கிறார், வழக்கு இருக்கிறது. அதோடு ஒரு மதிப்பும் இருக்கிறது. மணம் என்னுடையது, ருசி என்னால் வந்தது, குழம்பில் நான் கரைந்திருக்கிறேன் என்கிற உரிமைகோரல். இலை தட்டோரத்தில் ஒதுக்கப்பட்டாலும் எல்லாருடைய கண்ணிலும் படும்படிதான் கிடக்கிறது. ‘ஏறின ஏணியை எட்டி உதைக்கறது’, ‘ஆறு தாண்டற வரைக்கும் அண்ணன் தம்பி’ என்பனவும் இந்த வகைதான். எல்லாவற்றிலும் குற்றம் நன்றிமறத்தல். நன்றி என்று வந்தவுடனேயே ஓர் உறவு வந்துவிடுகிறது. பண்ணையார் நன்றி மறந்தார், முதலாளி நன்றி மறந்தார், தலைவர் நன்றி மறந்தார். அதாவது அவர் நன்றியோடு இருந்திருக்கலாம் என்கிற எதிர்பார்ப்பு அந்தச் சாபத்துக்குள்ளேயே இருக்கிறது.

அம்பத்தூரில் இந்தத் தொடரைக் கடைசியாக முழு அர்த்தத்தோடு சொன்னவர்கள் டன்லப் தலைமுறையினர் என்பது என் எண்ணம். 1959இல் இங்கே தொடங்கிய டயர் தொழிற்சாலை அது. நிரந்தர வேலை, கேண்டீன், போனஸ், அந்தச் சம்பளத்தில் கட்டிய வீடு, அந்த வேலையைச் சொல்லி நடந்த கல்யாணம். 1980களின் நடுவில் நிர்வாகம் கைமாறியது. 90களின் கடைசியில் கதவடைப்பு. பிறகு திறப்பு, மறுபடி மூடல், மறுபடி கைமாற்றம். இன்று அது ஓடவில்லை. அவர்கள் கறிவேப்பிலை என்றபோது அதில் பொய்யில்லை. அவர்களுக்குக் கம்பெனி ஓர் உறவாக இருந்தது. உறவு முறிந்தது. துரோகம் என்கிற சொல் அங்கே பொருந்தும்.

அவர்களுடைய பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். பாடியிலும் பட்டரைவாக்கத்திலும் சி.எல். ஆக இருக்கிறார்கள். சி.எல். என்றால் சர்க்கார் ஊழியருக்கு கேஷுவல் லீவ், இவர்களுக்கு காண்ட்ராக்ட் லேபர். பூந்தமல்லியில் விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் போகிறார்கள். அவர்கள் வாயில் கறிவேப்பிலை வருவதில்லை. “யூஸ் அண்ட் த்ரோ.” பெரும்பாலும் கோபமில்லாமல், தகவல் சொல்வதுபோல. இதை மொழிச் சீரழிவு என்று எழுதுகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இந்தத் தொடரில் நன்றிக்கு இடமே இல்லை. தீர்ந்துபோன பேனாவை எறிந்தவனை நன்றிகெட்டவன் என்று யாரும் திட்டுவதில்லை. பேனா அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. பின்பக்கம் திருகித் திறக்க முடியாது, ரீபில் மாற்ற முடியாது. எறிவது அதன் முடிவில் நடக்கும் விபத்தல்ல. அச்சில் வார்க்கும்போதே முடிவாகிவிட்ட விஷயம். “நாங்க யூஸ் அண்ட் த்ரோ” என்பவர் சொல்வது இதுதான்: என்னை யாரும் ஏமாற்றவில்லை, நான் வடிவமைக்கப்பட்டிருக்கிறேன்.

கறிவேப்பிலை ஒழுக்கத்தின் மொழி. யூஸ் அண்ட் த்ரோ உற்பத்திமுறையின் மொழி. பத்து வருஷம் வகுப்பெடுத்துப் புரியவைக்க வேண்டிய ஒரு வித்தியாசத்தை டீக்கடைத் தமிழ் மூன்று ஆங்கிலச் சொல்லில் செய்து முடித்திருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழாசிரியத் தோழருக்கு என் பதில் இதுதான். முதலாளியின் மனசாட்சியை நோக்கிப் பேசும் சொல்லைத் தொழிலாளி கைவிட்டிருக்கிறார் என்றால் அது இழப்பு அல்ல.

இந்த வடிவமைப்பு எப்படி நடக்கிறது? தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். நல்ல சட்டம் என்பதாலேயே 480 என்கிற எண்ணைச் சுற்றி ஒரு தனித் தொழில்நுட்பம் வளர்ந்தது. நாள் நிறைவதற்குள் ‘பிரேக்’ கொடுப்பது. “பிரேக் குடுத்துட்டான்.” சினிமாக்காரர்களுக்குப் பிரேக் கிடைத்தால் அதிர்ஷ்டம், இங்கே பிரேக் கிடைத்தால் அடுத்த மாதம் வாடகை இல்லை. சில வாரம் கழித்து இன்னொரு ஒப்பந்தக்காரர் பெயரில் அதே வேலைக்கு வரலாம். ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் 1970இல் வந்த மத்தியச் சட்டத்தின் பெயரில் ‘ஒழிப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. ஒழிந்தது எது என்று அம்பத்தூரில் எந்த கேட்டில் நின்றாலும் தெரியும். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டமும் போய்விட்டது. புதிய தொகுப்பில் ‘குறித்த கால வேலை’ என்பது சட்டபூர்வமான வேலைமுறை. ஓர் ஆண்டு வேலை செய்தாலே பணிக்கொடை உண்டு என்கிறார்கள். நேர்மையாக அதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் எறியும் தேதியை நியமன உத்தரவிலேயே அச்சடித்துத் தருவது இப்போது மறைத்துச் செய்ய வேண்டிய காரியமல்ல.

‘நீம்’ என்று ஒரு திட்டம் இருந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் 2013இல் கொண்டுவந்தது. பயிற்சி என்ற பெயரில் அதிகபட்சம் 3 ஆண்டு வரை இளைஞர்களைத் தொழிற்சாலைகளில் நிறுத்தலாம். அவர்கள் தொழிலாளர்கள் அல்ல, பயிற்சியாளர்கள். முடிந்தபின் வேலை தரவேண்டிய கட்டாயமில்லை. “நீம் பசங்க” என்று சக தொழிலாளர்கள் இவர்களைச் சொல்வார்கள். பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. எனக்கு அதன் பெயர்தான் மறக்கவில்லை. நீம் என்றால் இந்தியில் வேம்பு. கறிவேப்பிலைக்கு இந்தியில் ‘மீட்டா நீம்’, இனிப்பு வேம்பு என்று பெயர். தமிழைவிட்டு வெளியேறிப்போன கறிவேப்பிலை டெல்லியிலிருந்து சுருக்கெழுத்தாகத் திரும்பி வந்ததைப் போல இருந்தது.

இதெல்லாம் தொழிற்சாலைக்கு மட்டும் உரியது என்று எழுத்தாளர்கள் நிம்மதியடைய வேண்டாம். என்னோடு எம்.ஏ. தமிழ் படித்து, பிறகு ஆய்வுப் பட்டங்களும் பெற்ற பலர் அரசுக் கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’களாக இருக்கிறார்கள். ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம். பன்னிரண்டாவது மாதம் கௌரவம் மட்டும். தொகுப்பூதியம், மதிப்பூதியம் என்று எவ்வளவு அழகான தமிழ்! யூஸ் அண்ட் த்ரோவுக்குத் தூய தமிழ் இல்லை என்று யார் சொன்னது?

இதுவரை தொடரின் பக்கம் நின்று பேசினேன். இனி அதன் மறுபக்கம். லைப் பத்திரிகைப் படத்தில் அமெரிக்க இல்லத்தரசிக்குக் கழுவும் வேலை மிச்சம். நம் ஊரில் எறியும் பொருள்களுக்கு அதைவிட நீண்ட வரலாறு இருக்கிறது. அதற்கும் கழுவும் சலிப்புக்கும் சம்பந்தமில்லை. வாழையிலை, மந்தார இலை, மண்கலயம், தேங்காய்ச் சிரட்டை. இவை எறியப்பட்டதற்குக் காரணம் எச்சில். வாய் பட்டது இன்னொரு வாய்க்கு ஆகாது. யாருடைய வாய் என்பதைப் பொறுத்து அது கழுவினால் போகும் எச்சிலா, கழுவினாலும் போகாத எச்சிலா என்பது முடிவாயிற்று. கழுவினாலும் போகாது என்று ஊர் தீர்மானித்தவர்களுக்கு டீக்கடையில் சிரட்டை. பிறகு தனிக் குவளை. அதைக் குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இரட்டைக் குவளை முறைக்கு எதிரான போராட்டங்களை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் போராட்டங்களுக்கும் சட்டத்துக்கும் பல ஊர்களில் டீக்கடைக்காரர் கண்டுபிடித்த பதில் என்ன? யூஸ் அண்ட் த்ரோ கப். சாதி இந்துவுக்கு கிளாஸ், தலித்துக்கு பிளாஸ்டிக் அல்லது பேப்பர் கப். கேட்டால், “சுத்தமா இருக்கட்டும்னு தர்றோம் சார், இதுல இன்னா தப்பு?” கள ஆய்வுகள் பலவற்றில் இது பதிவாகியிருக்கிறது. போலீசு வந்தால் காட்ட இரண்டாவது குவளை இல்லை. சாட்சியத்தையே குடித்தவர் கையால் கசக்கி எறியச் செய்யும் ஏற்பாடு இது. சிரட்டையிலிருந்து பேப்பர் கப்புக்கு வந்ததை நவீனமாதல் என்று சொல்லலாம், ஆட்சேபணை இல்லை.

எல்லா பேப்பர் கப்பும் சாதிக் கப் என்று நான் சொல்லவரவில்லை. தொழிற்பேட்டை டீக்கடையில் எல்லாருக்கும் அதே கப்தான். 2020 கொரோனாவுக்குப் பிறகு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிப்பவர்களே குறைந்துபோனார்கள். நான் சொல்வது மொழி பற்றி. சௌகரியம் என்கிற பொருளோடு இந்தத் தொடர் விற்கப்பட்டது. அது வந்து இறங்கிய நிலத்தில் எச்சில் என்கிற பொருள் ஏற்கெனவே ஊறிக்கிடந்தது. இரண்டும் கலந்துவிட்டன.

கலந்ததற்கு இன்னொரு சாட்சி. முன்னே ‘அவே’ தமிழுக்குத் தேவையில்லை என்றேன். ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் ‘அவே’ இருக்கிறது. அதன் பெயர் ‘தூரம்’. “தூரப் போடு” என்கிறோம். வீட்டுக்குத் தூரம் என்றால் மாதவிலக்கு. ஊருக்குத் தூரம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. நம் மொழியில் தூரம் அளவல்ல, விலக்கு. ஆகவே இந்தத் தொடரில் ‘அவே’ விடுபட்டதற்குக் காரணம் அது தேவைப்படாதது அல்ல, அது சொல்லாமலே விளங்கியது என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம்தான் சாய்கிறேன்.

பெண்கள் பற்றி இந்தத் தொடர் பேசப்படும் விதத்தைப் பார்த்தால் இந்த வாசிப்பு உறுதிப்படுகிறது. “லவ் பண்றேன்னு சொல்லி யூஸ் அண்ட் த்ரோ பண்ணிட்டான்.” எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தைக்கும் பெண்களைப் பற்றி மற்றவர்கள் இரக்கத்தோடு சொல்லும் வாக்கியம் இது. இரக்கம் உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தில் ‘யூஸ்’ என்ன செய்கிறது? அவளை ஒருவன் ‘பயன்படுத்தி’விட்டான், பயன்படுத்தப்பட்டது இனி எறியத்தக்கது. அவன் ஏமாற்றினான் என்று சொன்னால் குற்றம் அவனிடம் நிற்கும். யூஸ் அண்ட் த்ரோ என்று சொன்னவுடன் அது அவள் உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. எச்சில் இலை என்கிற பழைய வசவு ஆங்கிலத்தில் நாகரிகமாகத் திரும்பிவிட்டது. ஒரு பெண் தன்னைப் பற்றி இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். தொழிலாளி விஷயத்தில் தன்னிலையில் பேசும் தொடர் பெண் விஷயத்தில் படர்க்கைக்குப் போய்விடுகிறது.

குறி என்பது வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வொலோஷினோவ் 1929இல் எழுதினார். ஒரே சொல்லில் வெவ்வேறு வர்க்கங்களின் அழுத்தங்கள் மோதுகின்றன என்பது அவர் வாதம். வர்க்கத்தோடு சாதியையும் பாலையும் சேர்த்துப் படித்தால் நம் தொடருக்கு அது அப்படியே பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளி வாயில் அது உற்பத்திமுறையைச் சுட்டுகிறது. டீக்கடைக்காரர் வாயில் சுத்தத்தை. அக்கம்பக்கத்தார் வாயில் கெட்டுப்போதலை. ‘நாங்கள் யூஸ் அண்ட் த்ரோ அல்ல’ என்று அச்சடிக்கும்போது இந்த மூன்றில் எதை மறுக்கிறோம்? நாங்கள் எச்சில் அல்ல என்கிறோமா? எறியப்படத்தக்கவர்கள் வேறு யாரோ இருக்கிறார்கள், நாங்கள் அவர்கள் அல்ல என்கிறோமா? அந்த ‘அல்ல’ எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி கழிப்பறையைக் கழுவும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் அதே கேட் வழியாகத்தான் போகிறார்கள். அவர்களும் ஒப்பந்தம்தான். துண்டறிக்கையின் கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் இல்லை.

அரசாங்கத்தின் மொழி வேறு சுவாரசியம். 2018 ஜூன் 25 அன்று தமிழக அரசு போட்ட ஆணை, 14 வகைப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. ஆங்கிலத்தில் அது ‘யூஸ் அண்ட் த்ரோ-அவே’ பிளாஸ்டிக். கோட்டையில் ‘அவே’யை விட்டுவிடவில்லை. தமிழில் ‘ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியப்படும் பிளாஸ்டிக்’. ‘எறியப்படும்’ என்று செயப்பாட்டு வினையில் வைத்தாயிற்று. யார் எறிகிறார்கள் என்பது இல்லை. ‘தூக்கி’ மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. எனக்கு அந்தத் ‘தூக்கி’ முக்கியம். ஆங்கிலத் தொடர் பொருள் போய்ச் சேரும் தூரத்தைச் சொல்கிறது. தமிழ் அதை எடுக்கும் கையைச் சொல்கிறது. பேனா பெட்டியில் இருக்கும் தொடரில் கையும் இல்லை, தூரமும் இல்லை.

தூரம் உண்மையில் எங்கே இருக்கிறது? ஆவடியின் குப்பைக்குச் சேக்காடு, அம்பத்தூரின் குப்பைக்கு அத்திப்பட்டு, மாநகரத்தின் குப்பைக்குக் கொடுங்கையூரும் பெருங்குடியும். எறிந்தவருக்குத்தான் அது தூரம். அங்கே குடியிருப்பவருக்கு வாசல். மலையாகக் குவிந்ததைக் கையால் பிரிப்பவர் ஒருவர் இருக்கிறார். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலை தனியாருக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீசு அவர்களை அப்புறப்படுத்தியது. அப்புறப்படுத்துதல்! இதிலும் ஓர் ‘அவே’. நகரம் எறிவதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தங்களை எறியாதே என்று கேட்டபோது எந்தப் பத்திரிகையாளரும் அந்த முரணைத் தவறவிடவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது முரணைப் பற்றியல்ல. பழைய சம்பளம், பழைய வேலை, நிரந்தரம்.

தொடரின் இரண்டாவது பாதியான ‘த்ரோ’ பற்றி நான் எழுத நினைத்திருந்ததை என்னைவிடச் சுருக்கமாக ஓர் அக்கா சொல்லிவிட்டார். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் குடியிருக்கிறார்; தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் ஓட்டுகிறார். (ஓ.டி. என்றால் ஓல்ட் டவுன். ஓவர்டைம் என்றுதான் வெளியூர்க்காரர் பலர் நினைக்கிறார்கள், பெரிய வித்தியாசமில்லை.) நான் இந்தக் கட்டுரை விஷயமாகப் பேச்சுக் கொடுத்து, “யூஸ் அண்ட் த்ரோன்னு சொல்றாங்களேக்கா” என்று ஆரம்பித்தேன்.

“த்ரோ எங்க தம்பி பண்றான்? பண்ணாதான் நான் வேற எடம் பாப்பேனே. பிரேக்னு சொல்லி ஊட்ல குந்த வெக்கறான், இருவது நாள் கழிச்சு அவனே போன் பண்றான். இது யூஸ் அண்ட் யூஸ்.”

இதற்குமேல் தொடரின் பொருத்தப்பாடு பற்றி வாதிட என்னிடம் அதிகம் இல்லை. எறிதல் இங்கே ஒரு பாவனை. 480ஐ நோக்கி ஓடும் எண்ணிக்கையை அறுப்பதற்காகச் செய்யப்படும் பாவனை. வேலை தெரிந்த கையை எந்த முதலாளியும் எறிய மாட்டான்; கைக்குப் பின்னால் சேர்ந்துவரும் நாள்களை மட்டும் எறிகிறான். பேனா உவமை இங்கே தோற்றுப்போகிறது. இது மை தீர்ந்து எறியப்படும் பேனா அல்ல, மூடியை மாற்றி மாற்றிப் புதுப் பேனா என்று கணக்கெழுதப்படும் ஒரே பேனா.

அக்கா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதில் மூன்று அடையாள அட்டைகள். மூன்று ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள், மூன்று நிறத்தில் நாடாக்கள். புகைப்படம் மூன்றிலும் ஒன்றுதான். முதல் அட்டைக்கு எடுத்ததில் மீந்த பிரதிகளையே மற்றவற்றுக்கும் கொடுத்திருக்கிறார். ரத்தப் பிரிவு ஒன்று. வேலை என்கிற இடத்தில் மூன்றிலும் ‘ஹெல்பர்’. சேர்ந்த தேதி மட்டும் மூன்றிலும் வேறு வேறு.